எட்டு மைக்ரான்

வக்கீல் ஞானதுரைக்கு எல்லாமே பளபளக்க வேண்டும்.
அறுபத்திரண்டாம் வருஷத்து பியட்,
பானட்டைத் தூக்கினால்
பார்க்கிறவன் முகம் கார்புரேட்டரில் தெரிய வேண்டும்.
"குரோம் போட்ருங்கம்மா, காசு பிரச்சினையில்ல."

காசு இல்லை சார், கனம்தான் பிரச்சினை.
கனம் கோர்ட்டார் அவர்களே என்று
நாள் தவறாமல் சொல்கிறவருக்கு
இந்தக் கனத்தைக் காட்ட
மைக்ரோமீட்டரை எடுக்க வேண்டியிருந்தது.

எட்டு மைக்ரான் என்றால் ஒன்றுமில்லை,
தலைமுடியைப் பத்தாய் வகிர்ந்தால் ஒரு பங்கு.
ஆனால் துளைக்கு இங்கிட்டு எட்டு, அங்கிட்டு எட்டு.
முதுகில் நூற்றுப் பதினைந்து என்று பொறித்த ஜெட்
உள்ளே முலாம் இறங்கினால்
நூற்றுப் பதிமூன்றரை.
வத்தலக்குண்டு தாண்டி
காட் ரோட்டில் மூச்சு முட்டும்போது
பளபளப்பு இறங்கித் தள்ளாது.

சோலெக்ஸைப் பிரித்து
எவர்சில்வர் தாம்பாளத்தில் பரப்பியிருக்கிறேன்.
ஒரு ஸ்பிரிங் பறந்துபோய்
கம்ப்ரசருக்கு அடியில் தலைமறைவாகி
மறுநாள் விளக்குமாற்றிடம் சரணடைந்தது.
உடம்பு துத்தநாகக் கலவை,
லிவர்கள் இரும்பு,
ஜெட்டுகள் பித்தளை.
ஒரே வீட்டில் அறுபது வருஷம் இருந்தும்
ஒரே தொட்டியில் குளிக்காதவை.

புதூர் சிட்கோ,
கொண்டா குப்புராமின் பட்டறை.
உள்ளே போகுமுன்பே பல் கூசும்.
சைக்கிள் பெல், ஏதோ ஊர்ச் சாமியின் வேல்,
ஜிகர்தண்டா வண்டியின் குழாய்,
எல்லாம் கொக்கியில் தொங்கி
முறைக்குக் காத்திருக்கின்றன.

அந்தப் பழைய மஞ்சள் வேண்டுமே, என்றேன்.
பொன்னில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் ரோஸ்,
புறாக் கழுத்து திரும்புகிறபோது தெரியுமே, அது.
கம்பெனியிலிருந்து வரும்போது இருந்தது அதுதான்.

"அந்தத் தொட்டியக் காலி பண்ணி மூணு வருஷம் ஆச்சு.
தண்ணியே வராத ஆத்துக்கு
விஷம் மட்டும் எதுக்குன்னு விட்டுட்டேன்.
இப்ப உள்ளது வெள்ளை, லேசா நீலம் அடிக்கும்.
மஞ்சள்தான் வேணும்னா சாயம் ஏத்தணும்.
எங்க சித்தப்பா மகன் சுங்குடிக்கு ஏத்துறான்,
நான் துத்தநாகத்துக்கு.
அவனுது வெளுத்தா திட்டுவாங்க.
எனது வெளுத்தா
ஒரிஜினல்னு சொல்லி ரசிப்பாங்க."

சிரித்தார்.
சிரிப்புக்கு நடுவே மெல்லியதாய் ஒரு விசில்.
வாயிலிருந்து இல்லை.
இருபத்தாறு வருஷம் குரோம் ஆவி குடித்து
மூக்கின் நடுச்சுவரில் விழுந்த ஓட்டை.
"மூக்குத்தி போடாமலே குத்திட்டாங்க" என்று
தானே சொல்லிக்கொண்டார்.
துளைகளை அளந்து பிழைக்கிறவள் நான்.
அது எத்தனை நம்பர் என்று கேட்கவில்லை.

லிவர்களுக்கு வெள்ளை என்று எழுதச் சொன்னேன்.
ஸ்பிரிங்குகளை அமிலத்தில் முக்கவேண்டாம், ஒடியும்.
உடம்பைக் கழுவி அப்படியே விடுங்கள்,
சாம்பல் நிறம் அதன் சொந்த நிறம்.
ஜெட்டுகளை நான் கொண்டுவரவேயில்லை,
சட்டைப் பையில் வைத்திருந்தேன்.
வக்கீலுக்கு என்று ஒன்றே ஒன்று:
ஏர் கிளீனர் மூடியின் பட்டாம்பூச்சி நட்,
அதற்கு மட்டும் நிக்கல்.

போன சனிக்கிழமை பூட்டினேன்.
ஞானதுரை குனிந்து
அந்த நட்டில் தன் முகத்தைத் தேடினார்.
கடுகளவு கிடைத்தது, கொஞ்சம் கோணலாக.
மீசையைத் தொட்டுக்கொண்டார், போதும்போல.
மற்றதெல்லாம் ஏன் சாம்பலா இருக்கு என்றார்.
பில்லைப் பாருங்கள் என்றேன், பார்த்தார், சாம்பல் பிடித்துப்போனது.

இரண்டாவது இழுப்பில் என்ஜின் எழுந்தது.
ஐடிலில் காது வைத்தேன்.
எங்கோ ஒரு விசில்,
கீழ் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு.
கழற்றி வேறு போட்டேன்.
நின்றுவிட்டது.
இங்கே நின்றுவிட்டது.